பொறை

ஆட்டோக்காரி வீட்டு நாய்க்கு
மீட்டர் என்று பேர் வைத்தால்
அது எந்தக் காலத்தில் ஓடும் என்று
ஸ்டாண்டில் சிரித்தார்கள்.
பேர் வைத்தது என் மகன் கிளாட்வின்.
அவர்கள் சொன்னது சரிதான், கூப்பிட்டால் ஓடிவராது.
சாப்பாட்டில் மட்டும்
சூடு வைத்த மீட்டர்.

போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர்
புல்வெளியில் நின்று "சிட்" என்றார்.
அவர் நாய் உட்கார்ந்தது.
எங்கள் புல்வெளி பத்துக்குப் பத்து,
மொசைக் தரை,
அதில் பாதி தண்ணீர்க் குடங்கள்.
கிளாட்வின் "சிட்" என்றான்.
மீட்டர் குடத்தை நக்கியது.
"உட்கார்" என்றான், பள்ளிக்கூடத் தமிழில்.
மரியாதைக்கு வாலை ஆட்டியது.
எட்டாம் நாள், சோறு வடிக்கையில்
காலுக்குள் புகுந்து வந்ததை
நான்தான் கத்தினேன்:
"த்தே, குந்து!"

குந்தியது.

மகன் என்னைப் பார்த்தான், நாய் என்னைப் பார்த்தது,
கஞ்சி என் காலில் ஊற்றியது.

அன்றிலிருந்து குந்தினால் ஒரு துண்டு பொறை.
டீக்கடைக் கண்ணாடி பாட்டில் பொறையைச் சொல்கிறேன்.
மற்றப் பொறை எங்கள் வீட்டில்
ஸ்டாக் இருந்ததில்லை.

அடுத்த பாடம் "இரு".
சொல்லிவிட்டு ஓரடி பின்னால் போக வேண்டும்,
பிறகு ஈரடி.
மூன்றாம் அடியில் சுவர் வந்துவிடும்.
அதனால் மாடிப்படியில் பழக்கினோம்.
மூன்றாம் மாடியில் மீட்டர்,
இரண்டாம் மாடித் திருப்பத்தில் பொறையோடு கிளாட்வின்,
நடுவில் காய்ந்த துணிகளோடு சைனபா அக்கா,
"நாய் பாஸாச்சா, நான் இறங்கலாமா?"

கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கும்போது தோன்றும்,
இத்தனை பேரையும் யார் பழக்கியது?
எண்ணெய் வேகன் ஒன்று போகிறது,
காலி வேகன் ஒன்று,
எதிர்த்திசையில் இன்னொன்று.
இருக்கிறோம்.
கேட் திறந்தால் ஒரு துண்டு பொறைகூடக் கிடையாது.

ஒரு சனிக்கிழமை
"இரு" என்று சொல்லிவிட்டு டியூஷன் போன கிளாட்வின்
அப்படியே என் தம்பி வீட்டில் தங்கிவிட்டான்.
எனக்கு எண்ணூர் சவாரி, திரும்பி வரப் பதினொன்றேகால்.
கதவைத் திறந்தால்
மிதியடி மேல் அப்படியே குந்தியிருக்கிறது.
இரண்டு சாண் தள்ளிச் சோற்றுத் தட்டு, தொடாமல்.
அடியில் ஈரம்.
வால் மட்டும் தரையை அடிக்கிறது,
பின்பக்கம் எழவில்லை.

இருக்கச் சொன்னால்
எழவும் ஒரு சொல் தர வேண்டுமாம்.
அது வீடியோவின் இரண்டாம் பகுதியில்.
முதல் பகுதியிலேயே எங்கள் டேட்டா தீர்ந்திருந்தது.

அந்த ஈரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.
டோல்கேட்டில் ஒருவன் தோள்பையோடு
"இரு, தோ வந்துட்டேன்" என்று சொல்லி
ஆறு வருஷம்.
அவனுக்கும் டேட்டா தீர்ந்திருக்கும்.

காலையில் சொல் தேடினோம்.
"போ" சொல்ல வாய் வரவில்லை.
"எழுந்திரு" சொல்லலாமென்றால்
அதற்குள்ளும் ஒரு "இரு" இருக்கிறது, பாவம், குழம்பும்.
"ரைட்டு சொல்லலாம்மா, பஸ்ல சொல்றாங்களே" என்றான் கிளாட்வின்.
இரண்டே நாளில் பிடித்துக்கொண்டது.

இப்போது தொல்லை வேறு மாதிரி.
எங்கள் பிளாக்கில் யார் போனை வைத்தாலும்
ரைட்டு சொல்லித்தான் வைக்கிறார்கள்.
கேஸ்காரர் ரைட்டு, சைனபா அக்கா ரைட்டு,
கீழே கேரம் ஆடும் பசங்கள் பத்து தடவை ரைட்டு.
ஒவ்வொன்றுக்கும் மீட்டர் எகிறுகிறது.

நேற்று அவன் அம்மா போன் செய்தாள்.
ஏதோ தகவல் வந்திருக்கிறதாம்,
இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.
கேட்டுக்கொண்டே இருந்தேன்.
குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.
"ரைட்டு" என்றேன்.

வெறும் வாசல்தான், கதவு திறந்திருந்தது.
மீட்டர் பாய்ந்துவிட்டது.
சங்கிலி ஆணியில் தொங்குகிறது,
செருப்பு எங்கே என்று தெரியவில்லை,
மூன்று மாடி,
நானும் பின்னாலேயே.